படுத்தால் மூச்சு முட்டுவதெல்லாம் வீசிங் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுது, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடுது" என்று ஒருவர் வந்து சொன்னால், நம் பக்கத்தில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வீசிங் என்று ஓர் இன்ஹேலர், அல்லது இதயம் பலவீனம் என்று நீர் பிரிய ஒரு மாத்திரை. எக்கோ எடுத்து இதயம் நன்றாக இருப்பது தெரிந்த பிறகும், மாதக்கணக்கில் இன்ஹேலர் இழுத்துப் பலனில்லை என்ற பிறகும், மூன்றாவதாக ஒரு காரணத்தை யாரும் தேடுவதில்லை. கடைசியில் "மனசுதான் காரணம், பயப்படாதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதப்படுகிறது. அந்த மூன்றாவது காரணம், மூச்சுத் தசையான உதரவிதானம் செயலிழப்பது. அதைப் பற்றியே இந்தக் கடிதம். தூக்க மாத்திரை அந்த நோயாளிக்கு ஏன் ஆபத்து என்பதும் போகப் போகப் புரியும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை விரித்தது போல் இருக்கும் தசை உதரவிதானம். நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு வேலையை அதுதான் செய்கிறது. அதை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் வேர்களிலிருந்து கிளம்பி, இதயத்தின் ஓரமாக இறங்கி, வலத்துக்கு ஒன்று இடத்துக்கு ஒன்று என வந்து சேர்கிறது. இந்த நீண்ட பாதையில் எங்கே அடிபட்டாலும் அந்தப் பக்கத்து உதரவிதானம் அசையாமல் நின்றுவிடும். பைபாஸ் அறுவையில் இதயத்தைக் குளிர்விக்கும் பனிக்கட்டி நரம்பைத் தாக்கலாம். கழுத்துக் காயம், நெஞ்சுக்குள் நெறிகட்டு அல்லது கட்டி, அக்கி, சர்க்கரை நோயால் வரும் நரம்புத் தளர்ச்சி, தோள்பட்டையில் கடும் வலியோடு தொடங்கும் நரம்பு அழற்சி, தசைச் சிதைவு நோய்கள் என்று காரணங்கள் பல. எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாதவர்களும் கணிசமாக உண்டு. கட்டுவிரியன் கடித்துச் சில மணி நேரத்தில் மூச்சு நிற்பது வேறு கதை. அதற்கு 108-ஐ அழைப்பதைத் தவிர யோசிக்க எதுவும் இல்லை.

இதை "டயாபிரம் வாதம்" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் காதில் விழுவது "வாதம்" மட்டும்தான். பக்கவாதம் என்று எண்ணிக் கை கால்களுக்கு எண்ணெய் தேய்க்கக் கூட்டிப்போகிறார்கள். வயிறு மேலேறுகிறது என்றதும் குடலேற்றம் என்று வயிற்றை நீவிவிடுவோரும் உண்டு. இரண்டாலும் அந்த நரம்புக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நாள்தான் போகும்.

நம் கடற்கரையில் இந்நோய்க்குத் தனியாக ஓர் அடையாளம் உண்டு, தண்ணீர். மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் இடுப்பளவிலும் மார்பளவிலும் நின்று வேலை செய்கிறவர்கள். கரையில் நடக்கும்போது சாதாரணமாக இருப்பவருக்குத் தண்ணீர் வயிற்றைத் தாண்டியதும் மூச்சு வாங்கினால், "கடல் ஒத்துக்கவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. தரையில் நிற்கும்போது குடலும் ஈரலும் தம் எடையால் கீழே தொங்கி, செயலிழந்த உதரவிதானத்தையும் தம்மோடு இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீரிலோ ஒவ்வொரு 10 செ.மீ. ஆழத்துக்கும் 10 செ.மீ. நீர் அழுத்தம் கூடி வயிற்றை உள்ளே தள்ளுகிறது. தளர்ந்துபோன தசை நெஞ்சுக்குள் ஏறி, நுரையீரலுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. மல்லாந்து படுக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே. ஆஸ்துமாக்காரருக்கு இப்படித் தண்ணீரில் இறங்கியதும் முட்டி, ஏறியதும் விடுவது வழக்கமில்லை.

ராமேசுவரத்துக்கு வரும் யாத்ரீகர்களில் பைபாஸ் முடித்தவர்கள் பலர். அக்னி தீர்த்தத்தில் கழுத்தளவு இறங்கினால் முட்டுகிறது, கோயிலுக்குள் தீர்த்தக் கிணற்று நீரைத் தலையில் ஊற்றும்போது முட்டவில்லை என்றால் அதுவும் ஒரு குறிப்புதான். ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். பாசி எடுப்பவர், சங்கு குளிப்பவர் எவருக்கும் இந்தச் சந்தேகம் வந்தால், பரிசோதனை முடியும்வரை இடுப்புக்கு மேலான தண்ணீருக்குப் போக வேண்டாம்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முதல் சோதனைக்கு ஒரு கட்டிலும் இரண்டு கைகளும் போதும். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து, இயல்பாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். வயிறு மேலெழ வேண்டும். நெஞ்சு ஏறும்போது வயிறு உள்ளே குழிந்தால் இரு பக்கமும் செயலிழந்திருக்கலாம். படுக்கவே முடியாதவரை வற்புறுத்தாமல் சாய்த்து வைத்தே பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது ஊதும் டெஸ்ட் என்று மக்கள் சொல்லும் ஸ்பைரோமெட்ரி. இங்கேதான் பெரிய ஓட்டை. எல்லா இடத்திலும் உட்கார வைத்து மட்டுமே எடுக்கிறார்கள். படுத்தால்தான் முட்டுகிறது என்று சொல்பவரை உட்கார வைத்து ஊதச் சொன்னால் நோய் எப்படித் தெரியும்? உட்கார்ந்தபடி மூன்று நல்ல ஊதல் எடுத்த பிறகு, தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்து, சில நிமிடம் பொறுத்து, மறுபடி மூன்று எடுக்க வேண்டும். ஊதிய காற்று உட்கார்ந்து 2.40 லிட்டர், படுத்து 1.60 லிட்டர் என்றால் குறைவு 0.80, அதாவது 33 சதவீதம். நலமானவருக்கு இது 10 சதவீதத்துக்குள் நிற்கும். 30-ஐத் தாண்டினால் இரு பக்கமும் பாதிக்கப்பட்டிருப்பதற்கான வலுவான அறிகுறி, இடைப்பட்டது ஒரு பக்கமாக இருக்கலாம். சாப்பிட்ட கையோடு எடுத்தாலோ, உதட்டோரம் காற்று கசிந்தாலோ, தலைக்கு உயரமாக எதையாவது வைத்துவிட்டாலோ கணக்கு தப்பும்.

எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் உயர்ந்து தெரிந்தால் சந்தேகிக்கலாம், முடிவு கட்டக் கூடாது. ஈரல் இருப்பதால் வலப்பக்கம் இயல்பாகவே சற்று உயரம். உறுதி செய்ய அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். தைராய்டு பார்க்கும் அதே தட்டை புரோபை விலாவோரத்தில் 8, 9-ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே வைத்தால், இரு வெள்ளைக் கோடுகளுக்கு இடையே உதரவிதானம் தெரியும். மூச்சை விட்ட நிலையில் ஒரு தடிமன், முழுதாக இழுத்த நிலையில் ஒரு தடிமன் என அளக்க வேண்டும். இழுக்கும்போது 20 சதவீதமாவது தடிக்கவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. 2 மி.மீ.க்கும் மெலிந்திருந்தால் போய் வெகுநாள் ஆகிறது என்று பொருள். புதிதாகச் செயலிழந்ததில் தடிமன் சரியாகவே இருக்கும். அதனால் ஒற்றை அளவை மட்டும் பார்த்து "நார்மல்" என்று எழுதிவிடும் தவறு நடக்கிறது. இடப்பக்கம் இரைப்பைக் காற்று மறைப்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

செயலிழப்பு உறுதியானதும் காரணம் தேட வேண்டும். குறிப்பாக, பீடி, சிகரெட் பழக்கமுள்ளவருக்குப் புதிதாக ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் நெஞ்சு சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது. நரம்பை ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருக்கலாம். கழுத்து எம்.ஆர்.ஐ., சர்க்கரை, தைராய்டு, தசை நொதி, நரம்புக் கடத்தல் சோதனை ஆகியவை நரம்பியல் மருத்துவரின் முடிவு.

எல்லோருக்கும் சிகிச்சை தேவை என்பதும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் போய், வேறு நுரையீரல் நோய் இல்லாமல், உடல் எடையும் அளவாக இருந்தால் பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அடிபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. என்ற வேகத்தில்தான் வளர்கிறது. கழுத்திலிருந்து நெஞ்சின் அடிவரை அது வந்து சேர மாதங்கள் ஆகும், ஓராண்டைத் தாண்டியும் மீண்டவர்கள் உண்டு. பைபாஸுக்குப் பின் வந்தது பெரும்பாலும் தானே சரியாகும். அந்தக் காத்திருக்கும் காலத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் கேள்வி.

இரவுதான் பெரிய சோதனை. கனவு காணும் தூக்கத்தில் கழுத்து, விலாத் தசைகள் ஓய்ந்துவிடும். மூச்சைத் தாங்குவது உதரவிதானம் ஒன்றே. அதுவும் இல்லாதவருக்கு அந்த நேரத்தில் கரியமில வாயு உடம்பில் தேங்குகிறது. தண்ணீரில் மூழ்குவது போல் கனவு, திடுக்கிட்டு எழுதல், காலையில் மண்டையிடி, பகலெல்லாம் தூங்கி விழுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். தூக்க மாத்திரை இவர்களின் மூச்சை இன்னும் அடக்கிவிடும். மதுவும் அப்படியே.

வீட்டார் செய்யும் இன்னொரு தவறு, வாடகைக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எடுத்து வைத்துவிடுவது. விரலில் மாட்டும் கருவி 96 காட்டும், எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் கருவிக்குக் கரியமில வாயுவை அளக்கத் தெரியாது. இவர்களுக்குக் குறைவது காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பலம். தனியே ஆக்சிஜன் கொடுப்பதால் எண் அழகாகி, உள்ளே வாயு மேலும் தேங்கி, மயக்கத்தில் கொண்டுவிடலாம். தமனி ரத்தத்தில் எடுக்கும் ஏ.பி.ஜி. சோதனையில் கரியமில வாயு அழுத்தம் 45 மி.மீ. பாதரசம் அல்லது மேல், தூக்கத்தில் ஆக்சிஜன் தொடர்ந்து 5 நிமிடமாவது 88 சதவீதம் அல்லது கீழே, ஊதும் கொள்ளளவு இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவு என்று இவற்றில் ஒன்று இருந்து, தொந்தரவும் இருந்தால், மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றைத் தந்து மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷின் தேவை.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கச் சில விவரங்கள். சிபாப் வேறு, பைபாப் வேறு. சிபாப் ஒரே அழுத்தத்தில் காற்றை நிறுத்தி வைக்கும். அது குறட்டை நோய்க்கானது, விலையும் குறைவு, அதனால் கடைக்காரர் அதையே எடுத்து நீட்டுவார். உதரவிதானத்துக்கு வேண்டியது இழுக்கும்போது அதிகமாகவும் விடும்போது குறைவாகவும் தரும் பைபாப். நோயாளி மூச்சிழுக்கத் தவறினால் தானே ஒரு மூச்சு கொடுக்கும் வசதியும் அதில் இருக்க வேண்டும். மாஸ்க்கில் காற்று வெளியேறும் சிறு துளைகள் உள்ளனவா என்று கண்ணால் பாருங்கள். மருத்துவமனை வென்டிலேட்டருக்கான துளையில்லாத மாஸ்க்கை, பெரும்பாலும் அதில் குழாய் மாட்டும் வளைவு நீல நிறத்தில் இருக்கும், வீட்டு மெஷினில் மாட்டினால் விட்ட காற்றையே திரும்ப இழுக்க நேரும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பழைய மாஸ்க்கை "வீணாக்க வேண்டாமே" என்று எடுத்து வருபவர்கள் கவனிக்க வேண்டும்.

அழுத்தத்தை மருத்துவர்தான் முடிவு செய்வார். வழக்கமாக உள்மூச்சுக்கு 8 அல்லது 10 செ.மீ. நீர் அழுத்தம், வெளிமூச்சுக்கு 4 என்று தொடங்கி, உள்மூச்சு அழுத்தத்தைச் சில நாளுக்கு ஒருமுறை 2 கூட்டிக்கொண்டே போவார்கள். முதல் நாளே இரவு முழுக்கப் போடச் சொன்னால் மறுநாள் மெஷின் பரணில் ஏறிவிடும். பகலில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி அரை மணி, ஒரு மணி என்று பழக வேண்டும். காற்று கசிந்தால் பட்டையை இறுக்குவதல்ல வழி. மூக்குத்தண்டு புண்ணாகும், கசிவு நிற்காது. மீசை தாடியைக் குறைப்பது, பல்செட்டை மாட்டிக்கொள்வது, மாஸ்க் அளவை மாற்றுவது என்று போங்கள். வயிறு உப்பினால் மருத்துவரிடம் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்து, கொஞ்சமாகவும் சாப்பிட்டால் பாதித் தொந்தரவு போகும்.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். உப்புக்காற்றும் மணலும் மெஷின் பின்னால் இருக்கும் பில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் மெஷினை வைக்காதீர்கள். ஈரப்பதத் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்துவிடும், டிஸ்டில்டு வாட்டர்தான். உண்மையில் நம் காற்றிலேயே ஈரம் அதிகம், பலருக்கு அந்தத் தொட்டியே தேவைப்படாது. தொட்டி இல்லாமல் ஓட்டுவதால் மின்சாரமும் மிச்சம்.

மின்சாரக் கணக்கு இது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெடும். இன்வெர்ட்டர் தின்பது போக, கையில் நிற்பது ஏறக்குறைய 750. தொட்டிச் சூடு இல்லாமல் மெஷின் 40 வாட் எடுத்தால் இரண்டு இரவு தாங்கும். அதோடு 70 வாட் மின்விசிறியும் ஓடினால் ஓர் இரவே இழுபறி. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்ததும் விசிறியைத் தனி லைனுக்கு மாற்றிவிட வேண்டும். இரவும் பகலும் மெஷினோடு இருப்பவர் என்றால் தண்ணீர் சூழும் முன்பே மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், வீட்டில் இருவராவது அதை அழுத்தக் கற்றிருக்கட்டும்.

மெஷின் தேவைப்படாதவர்களுக்குப் படுக்கை மாற்றமே பெரிய மருந்து. தலைக்கு மட்டும் மூன்று தலையணை அடுக்கினால் கழுத்து மடங்கி வயிறு நசுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குச் செங்கல் கொடுங்கள். துணி தொய்ந்த ஈஸிசேரும் வயிற்றை மடக்கும், அதில் தூங்க வேண்டாம். குந்தி உட்காரும் வேலையும் அப்படியே, கழிப்பறைக்கு நாற்காலி வகை நல்லது. பலூன் ஊதச் சொல்வது இன்னும் ஓயவில்லை. பலூன் வெளிமூச்சுத் தசைக்கானது. ஆபரேஷன் முடிந்ததும் கொடுக்கும் மூன்று பந்துக் கருவி நுரையீரலை விரிக்கும், தசையைப் பலப்படுத்தாது. பலப்படுத்துவதற்கு, இழுக்கும்போது ஸ்பிரிங் எதிர்க்கும் தனிக் கருவி இருக்கிறது. இழுபலத்தை அளந்து, அதில் 30 சதவீத எதிர்ப்பில் தொடங்கி, காலை 30 மூச்சு, மாலை 30 மூச்சு. தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கபாலபாதி என்னும் யோக மூச்சுப் பயிற்சியும் இவர்களுக்கு வேண்டாம்.

அறுவை சிகிச்சை பற்றி ஒரு வார்த்தை. தொய்ந்து மேலேறிய உதரவிதானத்தை மடித்துத் தைத்து இறக்கிவிடுவது ஒரு முறை. தசைக்கு உயிர் திரும்பாது, நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். நரம்பு மீள வாய்ப்பிருப்பதால் ஆறு மாதம் முதல் ஓராண்டாவது பொறுத்துத்தான் செய்வார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு மட்டும் அவசரம் வரலாம். "உதரவிதான பேஸ்மேக்கர்" என்று கேள்விப்பட்டு நகையை அடகு வைக்கப் புறப்படுவோர், முதலில் நரம்புச் சோதனையை முடிக்க வேண்டும். நரம்பு உயிரோடு இருந்தால்தான் மின்தூண்டல் வேலை செய்யும். கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அது பொருந்தும். நரம்பே செத்தவருக்குப் பணம்தான் போகும்.

இவ்வளவுக்கும் இப்போது ராமேசுவரம் தீவிலிருந்து ஒருவர் மதுரை போய்வர வேண்டியிருக்கிறது. படுக்க முடியாத ஒருவருக்கு மூன்று நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம், அங்கே வரிசை, மறுபடி பயணம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டுவிட்டது. பெருஞ்செலவு எதையும் நாங்கள் கேட்கவில்லை. படுத்தால் முட்டுகிறது என்று சொல்பவருக்குப் படுத்த நிலை ஸ்பைரோமெட்ரியையும் கட்டாயமாக்கி, ரிப்போர்ட் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் போடட்டும். வாரத்தில் ஒரு அரைநாள் உதரவிதான ஸ்கேனுக்கு ஒதுக்கட்டும். கொரோனா காலத்தில் வாங்கிய பைபாப் கருவிகளைக் கணக்கெடுத்து, வீட்டுக்கு ஏற்றவற்றை நரம்பு மீளும்வரை இரவலாகக் கொடுத்து வாங்கட்டும். ஓராண்டுக்குள் குணமாகக்கூடிய ஒரு கடலோடியின் குடும்பம் பல பத்தாயிரம் ரூபாய்க்கு மெஷினைச் சொந்தமாக வாங்கிக் கடனில் விழ வேண்டியதில்லை.

2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறது. வருபவர்கள் கொண்டுவரும் பையில் ஒரு ஆக்சிமீட்டரும், மாஸ்க் கசிவு, பில்டர், காலைத் தலைவலி பற்றிக் கேட்க ஒரு தாளும் சேர்ந்தால் போதும். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுத்துச் சென்று, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதியைக் கேட்ட பிறகே சேர வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்றில் சிக்கல் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் உதரவிதானச் செயலிழப்பு தனியாக இல்லை. தசைச் சிதைவு போன்ற அடிப்படை நோய் இருந்தால் அந்தப் பெயரில் விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு என்ன வழி என்பதை மாவட்ட நிர்வாகம் தெளிவுபடுத்த வேண்டும்.

மின்வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பத்திரிகையில் வருகிறது, பத்திரிகை வாங்காத வீடுகளில்தான் இந்த மெஷின்கள் அதிகம். மூச்சுக் கருவி உள்ள இணைப்புகளைப் பிரிவு அலுவலகத்தில் பதிந்து வைத்து, முந்தின நாளே கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், பேட்டரியை முழுதாக ஏற்றி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மூச்சுப் பயிற்சி, நுரையீரல் பரிசோதனைப் பணியில் உள்ள இயன்முறை மருத்துவர்கள், செவிலியர்கள்,
ராமநாதபுரம் கடற்கரைப் பகுதி.